நாலாவது வீட்டுக்கு அப்புறம்

பேச்சித்தாய் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. ராயகிரியில் பிறந்தது அவள் செய்த குற்றம். சின்ன வயதில் அவள் அப்பா சங்கரன்கோவிலுக்குச் சினிமா பார்க்கக் கூட்டி வருவார். நல்ல மனுஷன்தான், முறுக்கு வாங்கித் தருவார், சோடா வாங்கித் தருவார். ஆனால் கதாநாயகனைக் கட்டிப் போட்டுவிட்டு வில்லன் சிரிக்கிற நேரம் பார்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிடுவார். கடைசி பஸ். அதை விட்டால் விடிய விடிய பஸ் ஸ்டாண்டில் கிடக்க வேண்டியதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கட்டை அவிழ்த்தது யார் என்று யோசித்துக்கொண்டே அவள் ஊர் போய்ச் சேருவாள்.

கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டாள். கொட்டகையில் மணி அடித்தால் அடுப்பங்கரையில் கேட்கும். அப்படியும் குறை தீரவில்லை. கணவன் சண்முகையா விசைத்தறியில் வேலை பார்க்கிறவர், இருட்டைக் கண்டால் தூங்கிவிடுவார். கடைசிச் சண்டையில் சத்தம் கூடும்போது விழிப்பு வரும். விழித்த கையோடு, "கூட்டம் எந்திரிக்க முன்ன கிளம்பிருவோம்ட்டி" என்பார். பலசரக்குப் பொட்டலத் தாளில் வருகிற தொடர்கதையை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் அவள். அதிலும் கதை மிளகாய் வற்றல் இருந்த இடத்தோடு கிழிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், பேச்சித்தாய்க்கு வீடியோ கேம் பைத்தியம் பிடித்தபோது ஊர் அதை வேறுவிதமாகப் பேசியதுதான். சத்துணவு அமைப்பாளர் வேலை பார்க்கிற, பிள்ளை பெற்ற ஒரு பொம்பளை, மத்தியானம் சாப்பாடு போட்டு முடித்ததும் நேரே போய்ப் பெட்டி முன்னால் நிற்கிறாள் என்றால் பேசத்தானே செய்வார்கள்? அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லாமல் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் அந்தப் பெட்டி ஊருக்கு வந்தது. சைக்கிள் கடை ஜெயசிங் மதுரையில் ஒரு வியாபாரியிடம் வாடகைக்கு எடுத்து வந்தார். டி.வி.யை வயிற்றில் வைத்துத் தைத்த பீரோ மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கைப்பிடி, காசு போட ஒரு துவாரம். சைக்கிள் கடையில் கிரீசும் தூசியும் ஆகாதென்று, அவர் மனைவி ஞானபூரணம் நடத்துகிற பேன்சி ஸ்டோரில் கொண்டுபோய் வைத்தார். மதுரையில் காலேஜ் பையன்கள் ஆடுகிற பெட்டிக்கு இங்கே வளையலும் ரிப்பனும் வாங்க வந்த பெண்கள் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். கடைக்குள் வந்து வேடிக்கை பார்க்கக் கூச்சப்பட்டு, ஆண்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டம் இதுதான். திரையில் ஒரு வீடு, வீடு நிறையச் சந்து, சந்து நிறையத் தானியம். ஒரு எலி. அதைத் துரத்த மூன்று பூனைகள். பூனை கையில் சிக்காமல் தானியம் பூராவும் தின்றுவிட்டால் அடுத்த வீடு. பேச்சித்தாய் வந்த அன்றைக்கே அது பெண் எலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எப்படிச் சொல்லுத?" என்றாள் ஞானபூரணம்.

"வீடு வீடாப் போயித் தானியம் தேடுது, உக்கார நேரமில்ல. ஆம்பளைன்னா இந்நேரம் ஒரு பூனைகிட்ட நின்னு அரசியல் பேசிக்கிட்டுல்லா இருக்கும்?"

அவளுக்கு ஆட்டங்களைப் பற்றி அபிப்பிராயங்கள் உண்டு. கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். முந்தின வருஷம் தபசுத் திருவிழாப் பொருட்காட்சியில் வந்த, பந்தடித்துச் செங்கல் உடைக்கிற ஆட்டத்தை அவள் மதிக்கவில்லை. "கட்டுன சுவத்த உடைக்க ஒரு மிஷினா? அதான் எங்க கொழுந்தமாரு இருக்காவளே" என்றாள். கடைக்கு வந்துபோகிற ஆயிஷம்மாளின் தம்பி அப்துல் மஜீது சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரி ஆட்டத்தையும் வாங்கி ஆடிப் பார்த்தாள். நல்ல ஆட்டம்தான், ஆனால் ஒற்றையாள் ஆட்டம் என்று திருப்பிக் கொடுத்தாள். ஒருத்தி ஆடினால் பின்னால் நாலு பேர் நின்று, அங்கே போ இங்கே போ என்று உயிரை வாங்க வேண்டும். அது இல்லாமல் என்ன விளையாட்டு? "இருந்தாலும் பாருங்க, வரவர எல்லா ஆட்டமும் இப்படிக் கைக்குள்ள சுருங்கிரும். ஆளுக்கொண்ண வச்சுக்கிட்டு மூலைக்கொருத்தரா உக்காந்திருப்பாவ" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எலி ஆட்டத்தை மட்டும் அவள் மதித்தாள். அதில் கைவேகம் மட்டும் பத்தாது, பூனையின் புத்தி எப்படிப் போகும் என்று யோசிக்க வேண்டும். ஒரு வீடு முடிந்தால் இன்னொரு வீடு, அப்படியென்றால் எங்கேயோ ஒரு கடைசி வீடு இருந்தாக வேண்டும். அதற்கு அப்புறம் என்ன வரும்? எலிக்குக் கல்யாணமா, பூனைக்குச் சாவா, இல்லை ஊர் போய்ச் சேருமா? பேச்சித்தாய்க்கு அதுதான் வேண்டும். ஒன்றே ஒன்றின் முடிவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

நாலாவது வீட்டில் எல்லாரும் செத்தார்கள்.

முதல் மூன்று வீடுகளைத் தாண்டத் தெரிந்த பெண்கள் கடையில் சிலர் உண்டு. நாலாவது வீடு வேறு மாதிரி. நடுவில் ஒரு சதுரம், அதற்குள் விளக்கு மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள். பார்த்ததும் பேச்சித்தாய், "ஏ மைனி, கோயில்லா! வெளிப்பிரகாரம், ரத வீதி எல்லாம் இருக்கு" என்றாள். அன்றையிலிருந்து அதற்குக் கோயில் வீடு என்றே பெயர். எலி கீழ்வாசலில் வந்து நிற்கும், வீதியில் இறங்கும், இரண்டாவது திருப்பத்தில் வெள்ளைப் பூனை முகத்துக்கு நேரே வந்து கவ்விவிடும். எத்தனை வேகமாகப் போனாலும் அதே திருப்பம், அதே பூனை. அந்தப் பூனையைப் பெண்கள் திட்டாத திட்டு இல்லை. "கோயில அப்பிரதட்சணமாச் சுத்துது பாரு. விளங்குமா அது?" என்பார்கள்.

கோயிலில் ஆடித்தபசுக் கொடி ஏறிய வாரம் ஜெயசிங் ஒரு செய்தி கொண்டுவந்தார். தபசு முடிந்த மறுநாள் மதுரைக்காரர்கள் எலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பெட்டி வைக்கப்போகிறார்கள். ஏரோப்ளேன் ஆட்டம். கீழேயிருந்து சுட வேண்டும், மேலேயிருந்து குண்டு விழும்.

"ஏன் அண்ணாச்சி? இதுக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லம்மா. மருதையில இப்ப எல்லாரும் சுடுத ஆட்டந்தான் கேக்காவளாம். ஆளும் சீக்கிரம் செத்துருதான், அடுத்த ஆளு சீக்கிரம் வருதான். உங்கள மாதிரி ஒரு காசப் போட்டுட்டு அரைமணி நேரம் நின்னா தொழில் நடக்குமா?"

பேச்சித்தாய்க்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "சுடுததுக்கு விரல் போதும். மண்டை எதுக்கு? யோசிக்க விடாத ஆட்டம் ஒரு ஆட்டமா? இப்பவே சொல்லுதேன், வாரதெல்லாம் இனிமே இப்படித்தான் வரும், ஆளச் சீக்கிரம் கொல்லுததுக்குன்னே செஞ்சு அனுப்புவான்" என்று பொரிந்தாள். ஜெயசிங் பாவம், வாசல் வழியாகச் சைக்கிள் கடைக்குப் போய்விட்டார். கோபம் தணிந்ததும் பயம் வந்தது. இந்தப் பெட்டியும் முடிவைக் காட்டாமல் போய்விடும். மறுபடியும் கடைசி பஸ்.

அந்த வாரம்தான் ஆயிஷம்மாளை அவள் சரியாகக் கவனித்தாள். ஆயிஷம்மாள் தெருத்தெருவாகப் போய்ச் சேலை விற்கிறவள். பாரம் இறக்கி வைத்து மூச்சுவிடக் கடைக்கு வருவாள், வந்தால் ஒரு ஆட்டம் ஆடுவாள். கை மந்தம். முதல் மூன்று வீட்டைத் தாண்டுவதே அபூர்வம், தட்டுத்தடுமாறித்தான் தாண்டுவாள். ஆனால் தாண்டிவிட்டால், கோயில் வீட்டில் மட்டும் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் உயிரோடு இருப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. பேச்சித்தாய் திரையை விட்டுவிட்டு ஆயிஷம்மாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் கேட்டாள்.

"அக்கா, உள்ள போனதும் அந்தப் பக்கமா ஏன் திரும்புதீய?"

"எந்தப் பக்கமா?"

"இடமால்லா சுத்துதீய. நாங்க யாரும் அப்படிப் போகலையே."

ஆயிஷம்மாள் விளங்காமல் அவளைப் பார்த்தாள். "அங்கனதாம்ட்டி தானியம் நிறையக் கிடக்கு. நீங்க எல்லாரும் ஏன் அத விட்டுட்டு இந்தப் பக்கமாப் போறீய? எனக்கும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு."

பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைப் பூனை எப்போதும் இடமாகவே சுற்றுகிறது. வலமாகப் போகிறவளுக்கு அது எதிரே வரும். அதோடு கூடவே இடமாகப் போகிறவளுக்கு அது எந்நேரமும் பின்னால்தான் வரும், எட்டிப் பிடிக்காது. இவ்வளவுதான் சூட்சுமம். பூனையைத் திட்டத் தெரிந்த ஊருக்கு அதன் போக்கிலேயே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. கொடி ஏறிய நாளிலிருந்து ஆடிச்சுற்று என்று கோயிலை வலம் வந்து வலம் வந்து கால் ஓய்கிற ஊர். சதுரத்தைக் கண்டால் கை தானாக வலமாகத்தானே திரும்பும்?

"அது கோயில்னு உனக்கு யாருட்டி சொன்னது?" என்று கேட்டாள் ஞானபூரணம்.

"நான்தான் மைனி சொன்னேன். எனக்கு நானே பேரு வச்சு எனக்கு நானே வழிய அடைச்சுட்டேன்."

தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று நினைப்பீர்கள். தெரிந்தது மண்டைக்குத்தான், கைக்குத் தெரியவில்லை. கோயில் வீடு வந்ததும் மனசு இடம் என்று சொல்லும், கை வலமாகத் திருப்பும், பூனை கவ்வும். சாயங்காலம் ஆடிச்சுற்று வேறு இருந்தது. புருஷனுக்குத் தறியில் அடிபட்ட கை குணமானதற்கு நேர்ந்த நேர்த்திக்கடன், விட முடியாது. மத்தியானம் கைக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சாயங்காலம் கால் அழித்துவிட்டு வந்தது.

கடைசியில் சாம்பார் அண்டாதான் கைகொடுத்தது. பள்ளிக்கூட அடுப்பில் கிண்டுவது சமையலம்மா முத்துத்தாயின் வேலை. பேச்சித்தாய் கரண்டியைப் பிடுங்கி, அண்டாவைச் சுற்றி இடமாகக் கிண்டினாள். முத்துத்தாய் வாயில் கை வைத்தாள். "எக்கா, எழவு வீட்டுச் சாம்பாராக்கா இது? பிள்ளைக சாப்பிட வேண்டாமா?"

"சாம்பாருக்கு எந்தப் பக்கம்னு தெரியுமாட்டி? ருசி பாத்துச் சொல்லு."

முத்துத்தாய் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புக் குறைவு, மற்றபடி சாம்பார்தான். தபசு வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடமாகக் கிண்டிய சாம்பாரையே சாப்பிட்டார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தபசன்றைக்கு ஊரில் இடமில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்தும் ராயகிரிப் பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. ஞானபூரணத்துக்கு வருஷ வியாபாரமே அன்றைக்குத்தான். பெட்டியை மூலைக்குத் தள்ளி, மேலே வளையல் அட்டைகளை அடுக்கிவிட்டாள். காலையில் வந்த பேச்சித்தாய் அதைப் பார்த்து முகம் சுண்டித் திரும்பினாள். மத்தியானமும் வந்தாள். கூட்டத்தில் கடைக்குள் கால் வைக்க முடியவில்லை. அடுத்த நாள் காலை வண்டி வந்துவிடும்.

"சாயங்காலம் வாட்டி. அம்மன் காட்சிக்கு எல்லாரும் தெற்கு ரத வீதிக்குப் போயிருவாவ. கடையில ஈ இருக்காது" என்றாள் ஞானபூரணம்.

பேச்சித்தாய் தெற்கு ரத வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ராயகிரியிலிருந்து அப்பா தோளில் உட்கார்ந்து வந்த காலத்திலிருந்து அவள் காட்சியைத் தவறவிட்டதே இல்லை. ஒற்றைக் காலில் தவம் நின்ற கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராக சுவாமி காட்சி கொடுக்கிற அந்த நேரத்தில் ஊரே கை தூக்கி நிற்கும். காட்டில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் அம்மன் மேல் வாரி வீசும். அந்த நேரத்தில் எலி ஆட்டமா? அம்மன் என்ன நினைப்பாள்? ரொம்ப நேரம் யோசித்து, இராத்திரி சங்கரலிங்கமாக இன்னொரு காட்சியும் உண்டே, அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினாள். தவம் இருந்தவளுக்குத் தெரியாதா, ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று நிற்கிறவளின் தவிப்பு? சண்முகையாவிடம் பருத்திப் பையைக் கொடுத்து, "நீங்க போயி இடம் பிடிங்க, பின்னால வாரேன்" என்று அனுப்பினாள்.

சொன்னபடியே கடை காலியாக இருந்தது. ஆயிஷம்மாள் மட்டும் சேலை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஞானபூரணம் வளையல் அட்டைகளை எடுத்துவிட்டுப் பெட்டிக்குச் சுவிட்சைப் போட்டாள். தறிகளுக்கெல்லாம் அன்றைக்கு லீவு. மற்ற நாட்களில் தறி ஓடுகிற இழுப்பில் கரண்ட் குறைந்து, நடுங்கி நடுங்கி நிற்கிற படம், அன்றைக்குக் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று நின்றது. பூனைகளுக்கு மீசை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. கோயில் வீடு வந்தது. கீழ்வாசலில் எலி.

"அண்டா, அண்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியை இடமாகத் தள்ளினாள் பேச்சித்தாய். எலி இடமாக ஓடியது. வெள்ளைப் பூனை பின்னால் வந்தது. "பின்னாலதாம்ட்டி வருது, பயப்படாத" என்றாள் ஆயிஷம்மாள். வெளி வீதி முடிந்தது, அடுத்த வீதி. உள்வீதியில் ஒருமுறை கை வலமாக இழுக்கப் பார்த்தது. ஞானபூரணம் போட்ட சத்தத்தில் திரும்பிக்கொண்டது. கடைசித் தானியத்தைத் தின்று, எலி நடுச் சதுரத்தின் மஞ்சள் புள்ளிக்குள் புகுந்ததும் திரை இருண்டுவிட்டது. அந்த நேரம் தெற்கு ரத வீதியிலிருந்து ஊர் மொத்தமும் எழுப்பிய கோஷம் வந்து கடைக் கண்ணாடி வளையல்களை அதிர வைத்தது.

திரை வெளுத்தது. ஒரு வீடு வந்தது. சந்துகள், தானியம், மூன்று பூனை, ஒரு எலி.

"இது மொத வீடுல்லா?" என்றாள் ஆயிஷம்மாள்.

முதல் வீடேதான். பூனைகள்தான் முன்னைவிட வேகமாக ஓடின. பேச்சித்தாய் கைப்பிடியை விட்டுவிட்டாள். எலி நின்ற இடத்திலேயே நின்றது, ஒரு பூனை வந்து கவ்வியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் இல்லை, கோபம். துண்டை உதறி எழுந்த அப்பா மேலும், எந்த நாட்டிலோ உட்கார்ந்து இதைச் செய்தவன் மேலும் சேர்ந்து வந்த கோபம். முடிவு தெரியாமல் போனது ஒரு வருத்தம்தான். முடிவே வைக்காமல் ஒருத்தன் கூப்பிட்டு ஆட வைத்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஞானபூரணம் சோடா உடைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்முகையா பிடித்துக்கொண்டார். "அம்மன் காட்சிய விட்டுட்டு எங்கன போய்த் தொலைஞ்ச?"

"எலிக்கு முடிவு பாக்கப் போனேன்."

"பாத்தியா?"

"மொதல்ல இருந்து ஆரம்பிக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்காட்டி அண்டாவெல்லாம் மாத்திக் கிண்டுன? நாளைக்குத் தறியில போயி நின்னா நானும் மொதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். என்னய வந்து பாத்திருக்கலாம்லா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தாலும் காட்டவில்லை. இரண்டு பேருமாகக் கிளம்பிப் போய் இராத்திரிக் காட்சியைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் தூங்கவில்லை. கூட்டம் கலைகிறவரை அவளை நின்று பார்க்கவிட்டார்.

மறுநாள் காலை மதுரை வண்டி வந்தபோது பேச்சித்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்தாள். இரண்டு ஆட்கள் எலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த மதுரை ஆளிடம், அவன் கேட்காத அபிப்பிராயத்தைச் சொன்னாள்.

"இதச் செஞ்சவனுக்கு முடிக்கத் தெரியல. அதான் நம்மளத் திருப்பி வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டான். ஆனா நாலாவது வீடு செஞ்சாம் பாருங்க, அது புத்தி."

மதுரை ஆள் பீடியைக் கீழே போட்டான். "நாலாவது வீட்டத் தாண்டினீங்களாம்மா? மதுரையில ஒருத்தரும் தாண்டலையே!"

மதுரையிலும் கோயில் உண்டு, சுற்றி வீதி உண்டு, அங்கேயும் எல்லாரும் வலமாகத்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மூலையில் புதுப் பெட்டியை வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். கறுப்பு வானம், கீழே ஒரு சின்ன பீரங்கி, மேலே வரிசை வரிசையாக ஏரோப்ளேன். பார்க்கவே பிடிக்கவில்லை. கிளம்பப் போனவள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"இதுல கடைசியில என்ன வரும்?"

"தெரியாதும்மா. மூணாவது வரிசை ஏரோப்ளேன் வந்தா எல்லாரும் செத்துர்றாங்க. அதுக்கு மேல யாரும் போனதில்ல."

"எல்லாருமா? ஒரே இடத்துலயா?"

"ஆமா. அதே இடந்தான். ஏன்னு தெரியல."

பேச்சித்தாய் பையைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் முத்துத்தாய் அடுப்பு மூட்டியிருப்பாள், கொஞ்ச நேரம் ஆகும். முக்காலியை இழுத்துப் பெட்டி முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"மைனி, ஆயிஷாக்கா இந்தத் தெருப் பக்கம் வந்தா கூப்பிடுங்க. என் கை எங்கன தப்பாப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. அவுகதான் பின்னால நின்னு பாத்துச் சொல்லணும்."